இன்வெர்ட்டருக்கு மாலை

நியாலாஸ்,
மலாக்கா,
3 மார்ச் 2025

பேரன் கவிநேசனுக்குப் பாட்டி காளியம்மா எழுதுவது.

முதலில் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் அக்காள் அனுசியா மருந்தகத்தில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்தது. போன வாரம் அவளுக்குத் தனி மேசை கொடுத்திருக்கிறார்கள். அவள் கணவர் தினேஷ்வரன் குருபோங்கில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிறார். உன் தம்பி யுவனேஸ்வரன் மாநிலப் பூப்பந்துப் போட்டியில் இரண்டாவதாக வந்தான், முதலாவது வந்த பையன் அவனைவிட இரண்டு வயது பெரியவன். கடைசியில் எழுதினாலும் நீதான் முதல். அக்டோபரில் அங்கி போட்டுக்கொண்டு மின்சார இன்ஜினியர் பட்டம் வாங்கப் போகிறவன். இதையெல்லாம் பக்கத்து வீட்டு விஜயராணியிடம் வாரம் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

இனி தாத்தா. நுரையீரல் சுருங்கிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, ஜனவரியிலிருந்து வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மூக்கில் குழாய் இருக்க வேண்டும். மெஷின் கரண்டில் ஓடுவது. இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மழை. செம்பனைக் காட்டுப் பக்கம் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் கரண்டு போய்விடும். கைவசம் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது, இரண்டு மணி நேரம் தாங்கும். போன செவ்வாய்க்கிழமை நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது கரண்டு போய்விட்டது. சிலிண்டரைத் திருக அவர் கையில் பலமில்லை. நான் வந்து பார்த்தபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

உன் அப்பா சிவசாமி வந்து பார்த்துவிட்டு, கூரையில் சோலார் போட்டுவிடுவோம் என்றான். இரண்டு கம்பெனிக்காரர்கள் அளந்து போனார்கள். கூரைத் தகடு இருவரிடமும் ஒன்றுதானாம். தகட்டில் வருவதை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் பெட்டிதான் வேறு வேறு. எது வேண்டும் என்று கேட்டார்கள். என் பேரன் இன்ஜினியர், அவன் சொல்லும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

போன் பேசினால் என் காதில் இரைச்சல்தான் விழுகிறது. ஐந்தாம் வகுப்புத் தமிழ் எனக்குப் போதும், எழுது.

அனுசியாவின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் உன் படத்துக்கு ஆணி அடித்தாயிற்று. அது வரும்வரை இப்போது எடுத்த படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு. எங்களிடம் இருப்பதில் உனக்கு மீசையே இல்லை.

உன் பாட்டி,
காளியம்மா


கங்கார், பெர்லிஸ்,
19 மார்ச் 2025

பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கவிநேசனின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். தாத்தாவுக்கு மெஷின் வைத்த விஷயத்தை அப்பா போனில் சொல்லவே இல்லை.

பெட்டி விஷயம். சாதாரண இன்வெர்ட்டர் வெளிக் கரண்டைப் பார்த்துத்தான் ஓடும். வெளிக் கரண்டு போன அந்தக் கணமே அதுவும் நின்றுவிடும். மேலே வெயில் கொளுத்தினாலும் வீட்டில் ஒரு விளக்கு எரியாது. கம்பத்தில் ஏறி ரிப்பேர் பார்க்கிற ஆளை நம் வீட்டுக் கரண்டு அடித்துவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நிறையப் பேர் இது தெரியாமல் வாங்கிவிட்டு, மழை நாளில் போன் போட்டுத் திட்டுவார்கள்.

தாத்தாவுக்கு அது உதவாது. பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் வேண்டும். வெளிக் கரண்டு போனால் அது பேட்டரிக்குத் தானாக மாறிக்கொள்ளும். கம்பெனிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வெளிக் கரண்டு போனால் உங்கள் பெட்டி ஓடுமா? ஆக்சிஜன் மெஷினின் அடியில் எத்தனை வாட் என்று ஒரு எண் இருக்கும், அதையும் எழுதி அனுப்புங்கள்.

என்னை இன்ஜினியர் என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம் பாட்டி.

கவிநேசன்


நியாலாஸ்,
2 ஏப்ரல் 2025

கவிநேசனுக்கு, தாத்தாவும் நானும் இருக்கிறபடி இருக்கிறோம். அவருக்கு இருமல் கொஞ்சம் குறைவு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மெஷினை விஜயராணியும் நானும் சாய்த்துப் பார்த்தோம். 350 என்று இருக்கிறது.

முதல் கம்பெனிக்காரன் மறுபடி வந்தான். நீ எழுதின கேள்வியைக் கேட்டேன். “ஆன்ட்டி, வெயில் இருந்தா சோலார் ஓடும்லா” என்றான். “வெயிலு இருக்கு, வெளிக் கரண்டு இல்ல. ஓடுமா ஓடாதா?” என்றேன். போன் பேசிவிட்டு வருவதாக வாசலுக்குப் போனான். அப்படியே காரில் ஏறிப் போய்விட்டான். குடிக்காமல் வைத்த தேநீரைத் தாத்தா குடித்தார்.

இரண்டாவது ஆள் டுரியான் துங்காலில் இருந்து வருகிறவர். ஹைபிரிட் தன்னிடம் இருக்கிறது என்று படம் காட்டினார். சிவசாமி விலையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். பில் குறைந்தால் போதாதா, கரண்டு மாதத்துக்கு இரண்டு தடவைதானே போகிறது என்றான். அந்த இரண்டு தடவையில் எந்தத் தடவை உன் அப்பாவை விடலாம் என்று அவனையே கேட்டேன். ஹைபிரிட் என்று முடிவாகிவிட்டது.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதுதான் பாக்கி. முன்பக்கம் கார் நிறுத்துகிற இடத்துச் சுவரில் மாட்டலாம் என்கிறார் கம்பெனிக்காரர். மேற்குப் பார்த்த சுவர். நீ என்ன சொல்கிறாய்?

இன்ஜினியர் என்று ஏன் சொல்லக்கூடாது? இன்னும் ஆறு மாதம்தானே. படம் வரவில்லை.

காளியம்மா


கங்கார்,
26 ஏப்ரல் 2025

பாட்டிக்கு வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இங்கே வெயில் அதிகம், மற்றபடி சுகம். தாத்தாவின் இருமல் குறைந்தது கேட்டு நிம்மதி.

மேற்குச் சுவர் கண்டிப்பாக வேண்டாம். மத்தியான வெயில் நேராக அடித்தால் பெட்டி சூடாகி, தன் வேலையைத் தானே குறைத்துக்கொள்ளும். ரொம்பச் சூடானால் நின்றேவிடும். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துச் சுவரில் நாள் முழுக்க நிழல் இருக்கும், அங்கே மாட்டச் சொல்லுங்கள். சாரல் படாத உயரத்தில் இருக்கட்டும். நாலு பக்கமும் ஒரு சாண் இடம் காலியாக இருக்க வேண்டும். பல்லி உள்ளே போய் முட்டையிடும், எறும்பு கூடு கட்டும். ஒயர் நுழைகிற ஓட்டையைச் சுற்றி அடைக்கச் சொல்லுங்கள், சோம்பேறித்தனத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று. பெட்டியிலிருந்து அவசரக் கரண்டுக்கு என்று தனி லைன் வரும். அதில் தாத்தாவின் மெஷின், ஒரு காற்றாடி, ஒரு விளக்கு மட்டும் இருக்கட்டும். சுடுதண்ணீர் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் அந்த லைனில் செருக விடாதீர்கள். யுவனிடம் தனியாகச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து வந்து எழுதுவதால் கையெழுத்து மோசம்.

கவிநேசன்


நியாலாஸ்,
14 மே 2025

கவிநேசனுக்கு, உன் கடிதம் வந்தது. தாத்தா நடையாகக் கோழிக்கூடுவரை போய் வந்தார். என் முட்டிவலி என்னோடு இருக்கிறது.

பெட்டியைப் பின்சுவரில் மாட்டியாயிற்று. சும்மா நடந்துவிடவில்லை. தினேஷ்வரன் வந்திருந்தார். முன்சுவரில் வைத்தால் ஒயர் குறையும், ஒயர் குறைந்தால் கரண்டு வீணாகாது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டட இன்ஜினியர், படித்தவர், வீட்டு மருமகன். நான் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. கவி பின்சுவர் என்று எழுதியிருக்கிறான், பின்சுவர்தான் என்று மட்டும் சொன்னேன். மாட்ட வந்த பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “பாட்டி, நீங்க சொல்றதுதான் சரி” என்று ஒருவன் காதோரம் சொல்லிவிட்டுப் போனான். ஒயர் ஓட்டையையும் நின்று பார்த்து அடைக்க வைத்தேன்.

பல்லி முட்டையிடும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தினேஷ்வரன் தன் புத்தகத்தில் இல்லை என்றார்.

உன் கடிதத்து ஓரத்தில் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. உறையில் சுங்கை பட்டாணி ஊர்த் தபால் முத்திரை. பஸ்ஸில் போகும் வழியில் போட்டாய் போலிருக்கிறது.

பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டார் எத்தனை பேருக்கு நாற்காலி கொடுப்பார்கள் என்று சிவசாமி கேட்கச் சொன்னான். படமும் அனுப்பு.

காளியம்மா


கங்கார்,
20 ஜூன் 2025

பாட்டி, தாத்தா இருவருக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறேன்.

பெட்டியைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. பகலில், வீட்டில் நாலு பேர் இருக்கும்போது, சிலிண்டரைத் தாத்தா பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, வெளிக் கரண்டு வருகிற மெயின் சுவிட்சை அப்பாவை அணைக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் மெஷின் ‘பீப்’ என்று கத்துகிறதா, கத்தாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் அப்படியே விட்டுவைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அவசரமாக முடிக்கிறேன்.

கவிநேசன்


நியாலாஸ்,
1 ஜூலை 2025

கவிநேசனுக்கு, இங்கே எல்லாரும் உன்னைக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தோம். சிவசாமி சுவிட்சை அணைத்தான். வானொலி நின்றது, ஐஸ்பெட்டி நின்றது. ஆக்சிஜன் மெஷின் நிற்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். தாத்தா தூங்கிவிட்டார். சிவசாமி பின்பக்கம் போய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விஜயராணி தன் மருமகனை அழைத்து வந்து காட்டினாள். என் பேரன் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெட்டி என்று சொன்னேன்.

நாற்காலி எத்தனை என்று நீ எழுதவில்லை. அக்டோபர் கடைசியில் கங்காரில் ஹோட்டல் கிடைக்காதாம், இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்கிறான் சிவசாமி.

புதுப் படம் ஒன்று. மறக்காதே.

காளியம்மா


நியாலாஸ்,
6 அக்டோபர் 2025
விரைவுத் தபால்

கவிநேசனுக்குப் பாட்டி எழுதுவது. மூன்று மாதமாக உன் கடிதம் இல்லை. போனில் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாயாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அனுசியாவுக்கு ஐந்து மாதம். யுவனேஸ்வரன் இந்தத் தடவை முதலாவதாக வந்தான். ஆயுத பூசை நன்றாக நடந்தது. தாத்தாவின் பழைய ரப்பர் பால்வெட்டுக் கத்தி, என் தையல் மெஷின், யுவனின் மட்டை, சிவசாமியின் கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். இன்வெர்ட்டருக்குத்தான் இந்த வருடம் முதல் மரியாதை. முகமும் பக்கமும் முழுக்கச் சந்தனம் பூசி, சிவப்புப் பட்டுத்துண்டு சாத்தி, சிலாங்கூரிலிருந்து வந்த சாமந்தி மாலை பெரிதாகப் போட்டேன். கோயிலில்கூட அவ்வளவு பெரிய மாலை இல்லை.

பூசையன்றும் மறுநாளும் மப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல வெயில், மூன்றரைக்கு மழை, கரண்டு போயிற்று. உடனே ஆக்சிஜன் மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு. தாத்தாவைச் சிலிண்டருக்கு மாற்றினோம். கரண்டு வர இரண்டேகால் மணி நேரமாயிற்று. கடைசிக் கால் மணி நேரம் விஜயராணி மருமகனின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கழிந்தது. அங்கே இரண்டு நாள் வைத்திருந்து இன்று காலையில் அனுப்பினார்கள். பேசுகிறார். கஞ்சி குடித்தார்.

கம்பெனியில் மூன்று வாரம் கழித்து வருகிறோம் என்கிறார்கள். தினேஷ்வரன் பேட்டரி செத்துவிட்டது என்கிறார். பெட்டியைப் பிரித்துப் பேட்டரியைக் கழற்றி வரும் சனிக்கிழமை மலாக்கா டவுனுக்குக் கொண்டுபோய் மாற்றலாம் என்கிறார். பெட்டியின் கண்ணாடியில் தெரிகிற எழுத்தைப் பார்த்துப் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். ஆங்கிலம் எனக்குத் தெரியாது, கோடு கோடாகப் பார்த்து எழுதினேன். மூன்று நாளாகச் சிவப்பு விளக்கு அணையவில்லை. மழையும் விடுவதாக இல்லை.

படம் அவசரமில்லை. இதற்குப் பதில் எழுது.

காளியம்மா


சுங்கை பட்டாணி,
8 அக்டோபர் 2025
விரைவுத் தபால்

பாட்டிக்கு,

தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற வரியை முதலில் படித்தேன், பிறகுதான் மற்றதை. கங்காரில் என் கூட்டாளி கடிதத்தைப் பிரித்து, அதே நிமிஷம் படம் பிடித்து எனக்குப் போனில் அனுப்பினான். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் எழுத முடிகிறது.

பேட்டரி சாகவில்லை. பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள். நீங்கள் வரைந்த எழுத்து சூடு அதிகம் என்பதற்கான குறி. மாலையையும் துண்டையும் எடுத்துவிடுங்கள். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் சீப்புப் பல் மாதிரி இடுக்கு இருக்கும், அது வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. அந்த இடுக்கில் சந்தனம் காய்ந்து அடைத்திருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் வெயிலிலேயே பெட்டி சூடேறி நின்றிருக்கும். வெளிக் கரண்டு ஓடிக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. பலமுறை சூடாகி நின்றால் தானாக எழாது. சுத்தம் செய்த பிறகு அடியில் இருக்கிற சுவிட்சை அணைத்து, பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி போடச் சொல்லுங்கள். பச்சை விளக்கு வரும்.

தினேஷ் மாமா படித்தவர். அவரை விட்டுவிட்டு என் பேச்சைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். அது இதுதான். நான் படிப்பை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு பாடத்தில் மூன்று தடவை தோற்றேன், அதற்குப் பிறகு போகவில்லை. சுங்கை பட்டாணியில் சோலார் மாட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்குக் கூரையில் ஏறுவேன். போன வருடம் ஆயுத பூசை முடிந்து இரண்டு வீட்டில் இதே சிவப்பு விளக்கு. இரண்டு வீட்டிலும் மாலையை எடுத்து, பிரஷால் சந்தனத்தைத் தட்டியது நான்தான். என் கையால் செய்ததைத்தான் எழுதுகிறேன், புத்தகத்தில் படித்ததை அல்ல.

பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை. அப்பா ஹோட்டலுக்குப் பணம் கட்ட வேண்டாம். அவரிடம் நானே சொல்ல வேண்டும், இன்னும் வார்த்தை வரவில்லை.

முதலில் மாலையை எடுங்கள்.

கவிநேசன்


நியாலாஸ்,
3 நவம்பர் 2025

பேரன் கவிநேசனுக்குப் பாட்டி காளியம்மா எழுதுவது.

முதலில் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. அனுசியா மருந்தகத்தில் இப்போது மூன்று பேருக்கு மேலே இருக்கிறாள். தினேஷ்வரனின் கட்டடம் முடிந்து ஆள் குடிவந்துவிட்டார்கள். யுவனேஸ்வரன் மாநிலக் குழுவில் சேர்ந்து ஈப்போவுக்கு விளையாடப் போகிறான். கவிநேசன் சுங்கை பட்டாணியில் கூரை கூரையாகச் சோலார் மாட்டுகிறான், ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிற வீட்டுக்கு எந்த இன்வெர்ட்டர் என்று அவனைக் கேட்டால் தெரியும். விஜயராணிக்குச் சொல்லிவிட்டேன். அவள் திரும்பச் சொல்லிக் காட்டினாள், ஒரு வார்த்தை தப்பில்லை.

உன் விரைவுத் தபால் அந்தச் சனிக்கிழமையே காலை பத்து மணிக்கு வந்தது. தினேஷ்வரன் திருப்புளியோடு பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு மாலையை எடுத்தேன். சந்தனம் கல் மாதிரி காய்ந்திருந்தது. யுவன் பிரஷால் தட்டினான், நான் கீழே பழைய சாரோங்கை விரித்துப் பிடித்தேன். நீ எழுதினபடியே சுவிட்சு, பத்து நிமிஷம், மறுபடி சுவிட்சு. பச்சை வந்தது. தினேஷ்வரன் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு, சரிதான் என்றார். நல்ல பிள்ளை, மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை கரண்டு போயிற்று. போன வியாழக்கிழமை ஒரு மணி பத்து நிமிஷம். தாத்தா மூக்கில் குழாயோடு உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கரண்டு போனதே அவருக்குத் தெரியாது. இனி பொட்டு பெட்டியில் வைப்பதில்லை, பக்கத்துச் சுவரில் வைக்கிறேன். அடுத்த வருடம் மாலை வேறு யாருக்காவது.

சிவசாமியிடம் நான் சொல்லிவிட்டேன், நீ வார்த்தை தேட வேண்டாம். “இத்தன மாசமா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியேம்மா” என்றான். “நீ கேட்டதெல்லாம் எத்தன நாற்காலின்னுதானேடா” என்றேன். இரண்டு ஞாயிறு இங்கே வரவில்லை. நேற்று வந்தான். ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, தகடுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்து, மேலே இவ்வளவு சூடா என்று கேட்டான். கங்கார் ஹோட்டலை விட்டுவிட்டு, இப்போது சுங்கை பட்டாணியில் தங்க எது நல்ல இடம் என்று யுவனிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கடிதத்தை உன் கூட்டாளி விலாசத்துக்கே அனுப்புகிறேன். பாவம், அந்தப் பையனுக்கு எத்தனை நாள் இந்த வேலை. உன் சொந்த விலாசத்தை எழுது.

ஆணி காலியாகத்தான் இருக்கிறது. அனுசியா போட்டிருந்தது வாடகை அங்கியாம், அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். உனக்குக் கம்பெனியில் தலைத்தொப்பி கொடுத்திருப்பார்கள், இடுப்புக் கயிறும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கூரைமேல் நிற்கும்போது யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல். முகம் தெரிய வேண்டும். கயிறும் தெரிய வேண்டும், தாத்தா அதைத்தான் முதலில் பார்ப்பாராம். தபாலில் அனுப்பு.

உன் பாட்டி,
காளியம்மா